இருநூற்று நாற்பது டப்பாக்களும் மூன்றாவது ஆளும்

துறைமுகத்தில் அவருக்குப் பாய்க்காரம்மா என்று பெயர். படகுகளுக்குப் பாய் தைக்கிறவர். ஊருக்குப் புதிதாக வந்த சிலர் படுக்கிற பாய் என்று நினைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்று விலை கேட்பார்கள். "படுக்கிறதுக்கு இல்லைங்க, போறதுக்கு" என்று சொல்லிவிட்டு, ஊசியைக் கீழே வைக்காமலே அடுத்த தையலுக்குப் போய்விடுவார்.

கொட்டகை முழுக்க வழவழப்பான மரத்தரை. பாய்த்துணியை அதில் விரித்துப்போட்டு, அதன் நடுவில் உட்கார்ந்து தைப்பார். வலது உள்ளங்கையில் தடித்த தோல் பட்டை கட்டியிருப்பார். பட்டையில் பதித்த இரும்பு வில்லையால்தான் ஊசியைத் தள்ள வேண்டும். மெழுகு பூசிய நூல் நான்கு மடிப்புத் துணிக்குள் போகும்போது 'கிர்' என்று ஒரு சத்தம் வரும். முப்பது வருடமாக அந்தச் சத்தம்தான் அவருடைய பிழைப்பு.

அவருடைய கணவருக்குக் கடைத்தெருவில் ஒரு சலூன். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி. கணவரின் தங்கை மாடி அறையில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் முப்பத்து மூன்று வருடம் பகலும் ராத்திரியும் மாறி மாறி வேலை பார்த்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றாள். பாய்க்காரம்மாவை விட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் அண்ணன் மனைவி என்பதால் "அண்ணி" என்றுதான் கூப்பிடுவாள். அவரும் பதிலுக்கு "நாத்தனாரே" என்பார். வீட்டுக்கு வருகிறவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் அவள் தெருவுக்கே நாத்தனார் ஆகிவிட்டாள். பேச்சு குறைவு. ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அப்படிப் பார்த்ததில், அண்ணியின் ஆசை எங்கே தொடங்கியது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அக்கரைக்குப் போய்வரும் படகுகள், ஒரு பருவம் முடிந்தால் கிழிந்த பாயோடு கொட்டகைக்கு வரும். எங்கே கிழிந்தது என்று கேட்டால் "நடுக்கடல்ல" என்பார்கள். எப்படிக் கிழிந்தது என்றால் "காத்துல" என்பார்கள். பாய்க்காரம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டார். முக்கால்வாசிப் பாய்கள் கிழிவது ஒரே இடத்தில், மேலிருந்து மூன்றாவது தையல் வரிசையில். ஒவ்வொரு முறையும் பெரிய ஒட்டாக வைத்து அனுப்புவார். அடுத்த பருவம் அதே இடத்தில் கிழிந்து திரும்பி வரும். தான் தைத்த தையல் நடுக்கடலில் என்ன பாடு படுகிறது என்பதை முப்பது வருடத்தில் அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அவர் கோபப்பட்டதில்லை.

படகுப் பட்டறையின் பின்பக்கம் முப்பத்திரண்டு அடிப் படகு ஒன்று, தளத்தில் புல் முளைத்துக் கிடந்தது. அதன் சொந்தக்காரருக்கு இன்னொரு படகு இருந்தது. பாய்க்காரம்மா அதற்கு ஒரு முழு செட் பாய் தைத்துக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டார். அதைக் கடலுக்குத் தயாராக்க ஏழு வருடம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடிப்பாகத்தின் பழைய பெயின்ட்டைச் சுரண்டுவார். மழை நாட்களில் உள்ளே உட்கார்ந்து மர அலமாரிகளுக்குத் தாழ்ப்பாள் போடுவார். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வெயிலில் நீட்டிவைத்து, பூதக்கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். சலூன்காரர் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்க் கீழே நின்று குரல் கொடுப்பார். ஏணியில் ஏறமாட்டார். இரண்டாவது படியிலேயே அவருக்குத் தலை சுற்றும். தன் கடையின் சுழல் நாற்காலியில்கூட அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

போன வருடம் படகு தண்ணீரில் இறங்கியது. இந்த வருடம் காற்று நன்றாக விழுந்திருந்தது. மாதக் கடைசிக்குள் கிளம்பினால் பதினெட்டு நாளில் அக்கரை. அதைத் தாண்டினால் காற்று திரும்பிவிடும், அப்புறம் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஆனால் பாய்க்காரம்மாவுக்கு அடுத்த வருடம் என்பது இல்லை. ஊசியைத் தள்ளித் தள்ளி வலது தோள்மூட்டு தேய்ந்துபோயிருந்தது. இந்த வருடம் சமாளிக்கலாம், வருடம் முடிவதற்குள் மூட்டை மாற்றியாக வேண்டும், மாற்றியபின் கயிறு இழுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று துணைக்குப் போயிருந்தது நாத்தனார் மட்டும்தான்.

"உங்க அண்ணன் காதுக்குப் போகக்கூடாது" என்று திரும்பி வரும் பஸ்ஸில் பாய்க்காரம்மா சொன்னார். நாத்தனார் தலையை ஆட்டினாள். அவர் காதுக்குப் போனால் பயணம் நின்றுவிடும். அது இருவருக்கும் தெரியும். நாத்தனாருக்குப் பயணம் நிற்பதில் ஆட்சேபணை கிடையாது என்பதும், பாய்க்காரம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அவ்வளவு தூரக் கடலுக்கு மூன்று பேர் இல்லாமல் துறைமுக அலுவலகம் அனுமதி தராது. இருவர் தூங்கும்போது ஒருவர் விழித்திருக்க வேண்டும், இருவரால் அப்படிப் பதினெட்டு நாள் தாங்க முடியாது என்பது கணக்கு. இரண்டாவது ஆள் முன்பே கிடைத்துவிட்டார். கப்பல்களில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிராளி முழுசாகப் பேசி முடித்துவிட்டாரா என்று ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். கடைக்காரர்களுக்கு அவரிடம் பொறுமை கிடையாது. மூன்றாவது ஆளாக இருந்த வெல்டர், கிளம்ப மூன்று வாரம் இருக்கையில் பெரிய பட்டறை ஒன்றில் வேலை கிடைத்துக் கைகழுவிவிட்டார்.

அன்று முதல் சலூன் ஆள் பிடிக்கும் ஆபீஸ் ஆனது. முகத்தில் சோப்பு நுரையோடு, கழுத்தில் கத்தியோடு உட்கார்ந்திருப்பவன் எழுந்து ஓட முடியாது அல்லவா? சலூன்காரர் நிதானமாக ஆரம்பிப்பார். கடல் பிடிக்குமா, வயிறு எப்படி, தூக்கம் எப்படி, வீட்டில் எத்தனை பேர். தாடை முடிந்து மேலுதடு வருவதற்குள் படகின் நீளம், பாயின் எண்ணிக்கை, தன் மனைவியின் கைவேலை எல்லாம் சொல்லி முடித்திருப்பார். சிலர் வேறு சலூனுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

முதலில் சிக்கியவர் நீச்சல் பயிற்சியாளர். கடல் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றார். அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டிக் கால் மணி நேரத்தில் பேயறைந்தாற்போல ஆகி, தளத்தில் மல்லாந்து படுத்தவர் கரை வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. இறங்கியதும் படகின்மேல்தான் குறை சொன்னார். ரொம்ப ஆடுகிறதாம்.

அடுத்தவர் கணக்கு வாத்தியார். அவரைப் பார்த்ததும் எல்லாருக்கும் உயிர் வந்தது. முடிச்சு எல்லாம் தெரியும், வரைபடம் தெரியும், வயிறும் நின்றது. நாள் முழுக்க ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். பாய்க்காரம்மா கயிறுகளைச் சுருட்டிக்கொண்டே வந்தவர், கயிறு இறுக்கும் உருளையின் கைப்பிடி இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். வாத்தியாரிடம் கேட்டார். காலையிலிருந்தே இல்லையே என்றார் வாத்தியார். கிளம்பும்போது கைப்பிடிக்கு எண்ணெய் போட்டதே பாய்க்காரம்மாதான்.

வாத்தியார் வேண்டாம் என்று பாய்க்காரம்மா சொன்னதும் வீட்டில் பெரிய சண்டை. மிச்சம் ஒன்பது நாள்தான். ஆள் தேடித் தேடிச் சலூன்காரருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு இரும்புத் துண்டு கடலில் விழுந்ததற்காக ஒரு நல்ல ஆளை விடுவார்களா என்று, இருக்கிற குரலில் கேட்டார்.

"விழுந்தா விழட்டும், வேற வாங்கிக்கலாம்" என்றார் பாய்க்காரம்மா. "விழுந்தது எனக்குத் தெரியணும். நான் தூங்கிட்டிருக்கும்போது அவரு என்னென்ன சொல்லாம இருப்பாருன்னு யோசிச்சா, நான் எப்படிங்க தூங்குவேன்?"

நாத்தனார் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். அண்ணியின் மடத்தனம் என்று நினைத்தாள். கூடவே, அந்த மடத்தனம் தனக்கு வரவில்லையே என்றும் தோன்றியது. ஆள் கிடைக்காவிட்டால் பயணம் தானாக நின்றுவிடும், தான் வாயைத் திறக்கவே வேண்டாம் என்ற நினைப்பும் இருந்தது.

ஆள் இல்லாவிட்டாலும் பாய்க்காரம்மா ஆயத்தத்தை நிறுத்தவில்லை. மறுநாள் சாப்பாட்டு டப்பாக்கள் வந்து இறங்கின. பட்டாணி, தக்காளி, மீன், அவரை, அன்னாசி, பால். மொத்தம் இருநூற்று நாற்பது. அவை படகின் அடிவயிற்றில்தான் போகும். அங்கே தண்ணீர் கசிந்தால் டப்பாவின் காகிதம் ஊறிக் கழன்று, தண்ணீரை வெளியேற்றும் பம்பின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் காகிதத்தை உரித்துவிடுவது படகுக்காரர்கள் வழக்கம். பாய்க்காரம்மா பெரிய பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால், டப்பா வேலையை நாத்தனாரிடம் விட்டார்.

நாத்தனார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. வெந்நீர் வைத்தாள். ஒவ்வொரு டப்பாவாக முக்கிக் காகிதத்தை உரித்து, பசையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். ஒரே அளவு டப்பாக்களைச் சேர்த்து நான்கு வரிசையாக அடுக்கினாள். சாயங்காலம் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தபோது கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. வெள்ளி மாதிரி பளபளவென்று இருநூற்று நாற்பது டப்பா. அதில் எது மீன், எது அன்னாசி என்று சொல்ல ஒரு எழுத்து கிடையாது.

உரிப்பதற்கு முன்னால் டப்பாவின் தலையில் பெயின்ட்டால் எழுத வேண்டும். அது தெரியாதவர்கள் இருப்பார்கள் என்று பாய்க்காரம்மாவுக்குத் தோன்றவில்லை. அதனால் சொல்லவும் இல்லை. பெயர் ஒட்டாத ஒரு குப்பியைக்கூட முப்பத்து மூன்று வருடத்தில் கிடங்கை விட்டு வெளியே அனுப்பாதவள் நாத்தனார். கையைத் துடைக்கக்கூட நிற்காமல் நேராகக் கொட்டகைக்கு நடந்தாள்.

"அண்ணி, எல்லா டப்பாவையும் உரிச்சிட்டேன். ஒண்ணுலகூட எழுதல. எது எதுன்னு இனிமே தெரியாது."

பாய்க்காரம்மா ஊசியோடு அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாயின்மேல் அப்படியே சாய்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலியும் சிரிப்பும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்தது.

"எல்லாத்தையுமா?"

"கழுவியும் வெச்சிட்டேன்."

அதற்கு இன்னொரு சிரிப்பு.

நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் விடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாக்களின் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் தகரத்தில் சின்னதாக எண்கள் அடித்திருந்தன. மருந்துப் பெட்டிகளில் அவள் தினமும் பார்த்த சமாசாரம்தான். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, டப்பா வாங்கிய கடைக்குப் போய், அங்கே அலமாரியில் மிச்சம் இருந்தவற்றைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு ஸ்டூல் எடுத்துப் போட்டார். எண் பொருந்தாதவற்றை வீட்டில் காதருகே வைத்துக் குலுக்கினாள். பட்டாணி கடகடவென்றது. பால் சளப்பென்றது. மீன் வாயே திறக்கவில்லை. இரண்டு நாளில் இருநூற்றுப் பதினொன்றுக்கு அடையாளம் கண்டு எழுத்துப் போட்டாள். மீதி இருபத்தொன்பதில் கேள்விக்குறி போட்டாள். ரேடியோக்காரரிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் வழக்கம்போலப் பொறுத்திருந்து சொன்னார்: "எங்க கப்பல் சமையல்காரன் லேபிளைப் படிச்சிட்டே தப்பாத்தான் சமைப்பான்."

அந்த இரண்டு நாளும் பாய்க்காரம்மா தன்னை ஒரு மாதிரி பார்ப்பதை நாத்தனார் கவனித்தாள். எதற்கு என்று புரிந்தது. புரியாத மாதிரி இருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் சீட் இல்லாவிட்டால் வாந்தி எடுக்கிறவள் அவள். வயது ஐம்பத்தேழு. நீச்சல் தெரியாது. ஆள் இல்லாத படகுக்கு ஆள் என்று தன்னை நினைக்க ஆரம்பிப்பதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்து, தோள் விஷயத்தை அண்ணனிடம் சொல்லிவிடச் சலூனுக்குப் போனாள். ஐந்து நாள் மீதி இருந்தது.

கடையில் கூட்டமில்லை. அண்ணன் சீப்புகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்றே ஆரம்பித்தாள்.

"அண்ணா, அண்ணியோட தோளு..."

"தெரியும்" என்றார் அவர்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"ஆறு மாசமா அவளுக்கு யாரு தலை வாரி விடறது? கை மேல தூக்க முடியலேன்னு ஒரு சலூன்காரனுக்குத் தெரியாமலா போகும்?" ஒரு சீப்பை எடுத்து உதறினார். "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத. நிறுத்திடுவேன்னு பயப்படுவா."

காலையில் கொல்லைப்பக்கம் முக்காலியில் அண்ணி உட்கார்ந்திருப்பதையும், அண்ணன் பின்னால் நின்று வாரி விடுவதையும் நாத்தனார் மாடியிலிருந்து தினமும் பார்த்திருக்கிறாள். இந்த வயதில் இதென்ன கொஞ்சல் என்று ஜன்னலைச் சாத்தியதும் உண்டு. எதுவும் தப்பாத தன் கண்ணுக்கு இது தப்பிவிட்டதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நிறுத்தலாமேண்ணா."

"நிறுத்தலாம். அப்புறம் வர்ற வருஷமெல்லாம் அவ முகத்த யாரு பாக்கறது?" என்றார். "என்னால அவகூடப் போக முடியல. அதான் தெருவுல போறவனை எல்லாம் உட்கார வெச்சுக் கேட்டுட்டிருக்கேன்." நீ போகிறாயா என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் முடியாது என்று சொல்லியிருப்பாள்.

மறுநாள் காலை படகுத்துறையில் போய் நின்று, "எல்லாரையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போய்ப் பாத்தீங்களே, என்னையும் பாருங்க" என்றாள் நாத்தனார். பாய்க்காரம்மா மிதவைச் சட்டையை அவளுக்குப் போட்டுவிட்டு, பட்டைகளைத் தானே இறுக்கினார்.

அன்று அவள் ஏழு தடவை வாந்தி எடுத்தாள். முதல் தடவை அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளேயே. ஆனால் படுக்கவில்லை. வாளியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, சுக்கான் பிடியை இரண்டு கையாலும் பற்றி, திசைகாட்டியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாயை மேலே ஏற்ற வேண்டியபோது பாய்க்காரம்மாவின் வலது கை பாதியில் நின்றுவிட்டது. நாத்தனார் எழுந்து போய்க் கயிற்றை வாங்கி இழுத்தாள். முப்பத்து மூன்று வருடம் மருந்துப் பெட்டி தூக்கிய கை. பாய் விறுவிறுவென்று உச்சிக்குப் போனது. இழுத்துக் கட்டிவிட்டு வாளியிடம் திரும்பினாள்.

மதியம் சுக்கானை ரேடியோக்காரரிடம் கொடுக்கும்போது சொன்னாள்: "ரெண்டு தடவ திசைய விட்டுட்டேன். வாந்தி எடுக்கும்போது. அஞ்சு டிகிரி இருக்கும், வடக்கால."

ரேடியோக்காரர் அவள் முடித்துவிட்டாளா என்று பொறுத்தார். பிறகு பாய்க்காரம்மாவைப் பார்த்தார். பாய்க்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாயைப் பார்த்தார்.

துறைமுக அலுவலகத்தில் ஆட்கள் பட்டியலை வாங்கிப் படித்த அதிகாரிக்கு மூன்றாவது வரி உறுத்தியது. முன் அனுபவம் என்ற இடத்தில் 'மருந்துக் கிடங்கு, முப்பத்து மூன்று வருடம். கடல், ஒரு நாள்' என்று நாத்தனார் தன் கையாலேயே எழுதியிருந்தாள். ஒரு நாள் என்பதை மறைத்திருக்கலாம். அண்ணியும் மறைக்கச் சொல்லவில்லை.

"இதெல்லாம் கடல் அனுபவமா அம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

ரேடியோக்காரர் வழக்கத்தை விட நீளமாகப் பொறுத்திருந்தார். "ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி பாத்தவங்க. தூங்காம இருக்கத் தெரியும். மூணாவது ஆளு அதுக்குத்தானே கேக்கறீங்க?"

அதிகாரி அந்தத் தாளை இன்னொரு முறை படித்தார். பிறகு முத்திரையை எடுத்து மையில் அழுத்தினார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் கிளம்பினார்கள். அன்று காலையும் சலூன்காரர் மனைவிக்குத் தலை வாரினார். பதினெட்டு நாள் தாங்கட்டும் என்று இறுக்கிப் பின்னி, நுனியைப் பாய் தைக்கிற நூலால் கட்டினார். படகுத்துறையின் கடைசிப் பலகைவரை வந்து நின்றார். தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும் என்று பாய்மர உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாத்தனாருக்கு மூன்றாம் நாள் வாந்தி நின்றது. ஐந்தாம் நாள் காற்று பின்னாலிருந்து சீராக விழுந்தது. பாய்க்காரம்மா தளத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டார். தலைக்கு ஒரு கயிற்றுச் சுருள். நாத்தனார் சுக்கானில் இருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அண்ணி கண்ணை மேலேயிருந்து எடுக்கவே இல்லை. பெரிய பாய் காற்றில் உப்பி முன்னால் போய், பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பியின்மேல் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு அலைக்கும் மேலிருந்து மூன்றாவது தையல் வரிசை அந்தக் கம்பியில் ஒரு விரல்கடை ஏறித் தேய்ந்து, ஒரு விரல்கடை இறங்கித் தேய்ந்தது. கொட்டகையில் தொங்கவிட்டுப் பார்க்கும்போது பாய் நேராகத்தான் தொங்கும். கம்பி அங்கே ஏது? கரையோரமாக ஓட்டிப் பார்த்த நாட்களிலும் காற்று இப்படிப் பின்னாலிருந்து விழுந்ததில்லை.

"நாத்தனாரே."

"சொல்லுங்க அண்ணி."

"தேயறது கம்பி படற அந்தப் பக்கம். முப்பது வருஷமா நான் ஒட்டு வெச்சது இந்தப் பக்கம். எல்லாரு பாயிலயும் தப்பாத்தான் வெச்சிருக்கேன்."

நாத்தனார் திசைகாட்டியை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். நல்லா அழுத்தியும் தைச்சிருக்கேன்."

ரேடியோக்காரர் உள்ளேயிருந்து தலையை நீட்டினார். இருவரும் இப்படிச் சிரிப்பது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எந்த டப்பா என்று மட்டும் கேட்டார்.

பாய்க்காரம்மா எழுந்து உட்கார்ந்து, தோல் பட்டையை உள்ளங்கையில் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் காற்று தணிந்ததும் பாயை இறக்கி, முதல் ஒட்டை அந்தப் பக்கம் வைக்க வேண்டும். துணியை இப்போதே வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

"கேள்விக்குறி போட்டதுல ஒண்ணு எடுங்க" என்றார்.

அன்னாசி.